மின்புலம் நகர்த்தும் திரவம்: கணக்கீட்டுக் கேள்விகளும் பதில்களும்

மின்புலம் திரவத்தைத் தள்ளுவதையும் சுழற்றுவதையும் துளியை இழுத்துக் கிழிப்பதையும் கணினியில் கணக்கிடுவோர் அனுப்பிய கேள்விகள் இந்த இதழில் ஒன்றாக வருகின்றன. துளி, நுண்குழாய், அயனிக் காற்று என்று களங்கள் வேறு வேறு. ஆனால் சிக்குமிடம் பெரும்பாலும் ஒன்றுதான்: மின்னூட்டம் எவ்வளவு வேகமாக இடம் மாறுகிறது என்று பார்க்காமலே சால்வரை (சமன்பாடுகளைத் தீர்க்கும் நிரலை) ஓடவிடுவது.

கேள்வி: திரவ ஓட்டத்தை விவரிக்கும் நேவியர்–ஸ்டோக்ஸ் சமன்பாட்டைத் தீர்க்கும் கோட் என்னிடம் இருக்கிறது. மின்புலத்தைச் சேர்க்க மேக்ஸ்வெல்லின் நான்கு சமன்பாடுகளையும் எழுத வேண்டுமா?

பதில்: வேண்டியதில்லை. எண்ணெய், நீர், காற்று ஆகியவற்றில் இந்த வகை ஓட்டங்களின்போது பாயும் மின்னோட்டம் மிகச் சிறியது. அது உண்டாக்கும் காந்தப்புலத்தைத் துணிந்து விட்டுவிடலாம். காந்தம் போய்விட்டால் மின்புலம் என்பது மின்னழுத்தத்தின் சரிவு மட்டுமே. ஆகவே கூடுதல் வேலை மூன்று. முதலாவது, மின்னூட்டத்திலிருந்து மின்னழுத்தத்தைத் தரும் பாய்சான் சமன்பாடு. விடுதிறன் (பெர்மிட்டிவிட்டி) இடத்துக்கு இடம் மாறுவதால் அதை விரிவுக் குறியின் (டைவர்ஜென்ஸ்) உள்ளேயே வைத்துத் தீர்க்க வேண்டும், வெளியே எடுத்துவிடக் கூடாது. இரண்டாவது மின்னூட்டப் பாதுகாப்பு: ஒரு செல்லில் (கணக்கிடப் பிரித்த சிறு கட்டத்தில்) மின்னூட்டம் மாறுவது கடத்தலாலும், ஓட்டம் சுமந்து செல்வதாலும். மூன்றாவது உந்தச் சமன்பாட்டில் சேரும் விசை: மின்னூட்ட அடர்த்தியை மின்புலத்தால் பெருக்கியது ஒன்று, மின்புல வர்க்கத்தில் பாதியை விடுதிறன் சரிவால் பெருக்கி எதிர்க்குறி இட்டது மற்றொன்று.

அடர்த்தியைச் சார்ந்த இன்னொரு விசையும் உண்டு. அமுங்காத திரவத்தில் அது முழுக்க ஒரு சரிவாக அமைவதால் அழுத்தத்துக்குள் கரைந்துவிடும். அதை எழுதாமல் விடலாம். ஆனால் கோட் தரும் அழுத்தத்தை அளவி காட்டும் அழுத்தத்தோடு ஒப்பிடும்போது இது நினைவில் இருக்க வேண்டும்.

விசையைச் செல்லின் நடுவில் கணக்கிடுவதைவிட, மேக்ஸ்வெல் தகைவை (மின்புலம் பரப்பில் தரும் இழுப்பை) செல்லின் முகங்களில் கணக்கிட்டுக் கூட்டுவது நல்லது. ஒரு செல் இழந்த உந்தம் பக்கத்துச் செல்லுக்கு அப்படியே போய்ச் சேரும். இடைமுகத்தில் விடுதிறன் சட்டென்று மாறும் இடத்தில் இந்த வேறுபாடு கண்ணுக்குத் தெரியும்.

கேள்வி: திரவத்தைக் காப்பானாக எடுப்பதா, கடத்தியாக எடுப்பதா, இரண்டுக்கும் நடுவில் ‘கசியும் காப்பான்’ என்று எடுப்பதா? எப்படி முடிவு செய்வது?

பதில்: விடுதிறனைக் கடத்துதிறனால் வகுங்கள். கிடைப்பது மின்னூட்டத் தளர்வு நேரம். திரவத்துக்குள் இருக்கும் மின்னூட்டம் இடைமுகத்துக்கு வந்து சேர ஆகும் நேரம் என்று கொள்ளலாம். வெற்றிடத்தின் விடுதிறன் மீட்டருக்கு 8.854 × 10⁻¹² ஃபாரட். அயனி நீக்கிய மிகத் தூய நீரின் கடத்துதிறன் மீட்டருக்கு 5.5 × 10⁻⁶ சீமென்ஸ், ஒப்புமை விடுதிறன் ஏறத்தாழ 80, வகுத்தால் 0.13 மில்லி நொடி. கடத்துதிறன் 0.05 இருக்கும் உப்பு கலந்த நீரில் அது 14 நானோ நொடி. ஒப்புமை விடுதிறன் 2.7, கடத்துதிறன் 10⁻¹² என்று இருக்கும் சிலிக்கான் எண்ணெயிலோ 24 நொடி!

இந்த நேரத்தை உங்கள் ஓட்டத்தின் நேரத்தோடு ஒப்பிடுங்கள். ஓட்டத்தின் நேரம் என்பது துளியின் ஆரத்தை வேகத்தால் வகுத்தது. அல்லது பாகுநிலையை ஆரத்தால் பெருக்கிப் பரப்பு இழுவிசையால் வகுத்தது. தளர்வு நேரம் நூறு மடங்கு பெரிதென்றால் காப்பான். நூறு மடங்கு சிறிதென்றால் கசியும் காப்பான் கணக்கின் எளிய வடிவம் போதும்; மின்னூட்டம் எப்போதும் சமநிலையில் இருப்பதாகக் கொள்ளலாம். இரண்டும் நெருங்கி இருந்தால் மின்னூட்டச் சமன்பாட்டை முழுமையாகத் தீர்க்காமல் வழியில்லை.

‘எண்ணெய்தானே, காப்பானாக எடுத்தால் என்ன’ என்று எண்ண வேண்டாம். காப்பான், கடத்தி ஆகிய இரண்டு கணக்கும் துளி எப்போதும் புலத்தின் திசையில் நீளும் என்றே சொல்கின்றன. 1962-இல் ஆலன், மேசன் இருவரும் செய்த சோதனையில் சில துளிகள் தட்டையாயின. அதற்கு 1966-இல் ஜி. ஐ. டெய்லர் தந்த விளக்கம்தான் கசியும் காப்பான்: மிகச் சிறிய கடத்துதிறன்கூட இடைமுகத்தில் மின்னூட்டம் சேர்க்கும், புலம் அதைத் தொடுகோட்டுத் திசையில் இழுக்கும், துளிக்கு உள்ளும் புறமும் திரவம் சுழலும். அந்தச் சுழற்சியே துளியைத் தட்டையாக்குகிறது.

கேள்வி: சீரான புலத்தில் ஒரு துளி. கடத்துதிறன் விகிதம் 2, விடுதிறன் விகிதம் 5, பாகுநிலை விகிதம் 1, மின் கேப்பிலரி எண் (மின் தகைவுக்கும் பரப்பு இழுவிசைக்கும் உள்ள விகிதம்) 0.1. துளி எவ்வளவு உருமாறும் என்று சொல்லும் டெய்லர் சூத்திரத்தோடு என் விடை பொருந்தவில்லை. மெஷ்ஷை (செல்களின் வலையை) இரட்டித்தால் வித்தியாசம் பாதியாகிறது. ஒரு கட்டத்துக்குப் பிறகு குறைவதே இல்லை.

பதில்: முதலில் சூத்திரத்தைச் சரிபார்ப்போம். மூன்று விகிதங்களும் ‘உள்ளே வகுத்தல் வெளியே’ என்று எடுத்துக்கொண்டால்: கடத்துதிறன் விகித வர்க்கத்தோடு 1 கூட்டி, விடுதிறன் விகிதத்தின் இரு மடங்கைக் கழியுங்கள். 4 + 1 − 10 = −5. அடுத்து, கடத்துதிறன் விகிதத்திலிருந்து விடுதிறன் விகிதத்தைக் கழித்து 3-ஆல் பெருக்குங்கள்: −9. அதைப் பாகுநிலைக் காரணியால், அதாவது (2 + 3 × 1) வகுத்தல் (5 + 5 × 1) = 0.5-ஆல் பெருக்கினால் −4.5. கூட்டுத்தொகை −9.5. இதைக் கடத்துதிறன் விகிதத்தோடு 2 கூட்டி வர்க்கமாக்கிய 16-ஆல் வகுத்து, 9/16-ஆல் பெருக்கி, கேப்பிலரி எண்ணாலும் பெருக்கினால் −0.0334. துளியின் நீளம், அகலம் இவற்றின் வித்தியாசத்தை அவற்றின் கூட்டுத்தொகையால் வகுத்த எண் இது. எதிர்க்குறி என்றால் தட்டை.

சில கட்டுரைகளில் விகிதங்கள் ‘வெளியே வகுத்தல் உள்ளே’ என்று இருக்கும். அதைக் கவனிக்காமல் ½, ⅕ என்று போட்டால் இதே சூத்திரம் +0.0117 தரும். தட்டையாக வேண்டிய துளி நீண்டுவிடும். விடையின் குறியே மாறி வந்தால் மெஷ்ஷைத் தொடுவதற்கு முன் இதைப் பாருங்கள்.

இனி நீங்கள் சொன்ன இரண்டு அறிகுறிகள். மெஷ் இரட்டித்தால் பிழை பாதியாவது, இடைமுகச் செல்லில் எடுக்கும் சராசரியின் கைரேகை. பாதி எண்ணெயும் பாதி நீருமாக உள்ள ஒரு செல்லை எடுத்துக்கொள்ளுங்கள். எண்ணெயின் கடத்துதிறன் 1, நீரினுடையது 1000 என்று வையுங்கள். கூட்டுச் சராசரி 500.5. இசைச் சராசரி (தலைகீழ்களின் சராசரியின் தலைகீழ்) 2. ஒரே செல், 250 மடங்கு வித்தியாசம்! கூட்டுச் சராசரி எடுத்தால் அந்தச் செல் முழுக்க நீர் போல நடந்துகொள்ளும், அதாவது துளி அரைச் செல் பெரிதாகிவிட்டது போல. இசைச் சராசரி எடுத்தால் அரைச் செல் சிறிதானது போல. இரண்டிலும் பிழை செல்லின் அளவுக்கு நேர்விகிதம். அதனால்தான் பாதி பாதியாகக் குறைகிறது.

இயற்பியல் சொல்வது இதுதான்: புலம் இடைமுகத்துக்குச் செங்குத்தாக இருக்கும் துருவங்களில் இசைச் சராசரி சரி, புலம் இடைமுகத்தை ஒட்டி ஓடும் நடுக்கோட்டில் கூட்டுச் சராசரி சரி. இரண்டையும் திசை பார்த்துப் பிரித்துக் கையாளும் முறையே சிறந்தது. அதற்கு வசதியில்லாமல் ஒன்றைத்தான் தேர்வு செய்ய வேண்டுமென்றால், விகிதம் பெரிதாக உள்ள கணக்குகளில் இசைச் சராசரி பக்கம் போங்கள்.

பிழை ஒரு கட்டத்தில் நின்றுவிடுவதற்குக் காரணம் மெஷ்ஷில் இல்லை. பெட்டியின் அளவைப் பாருங்கள். துளி புலத்தில் உண்டாக்கும் கலக்கம் தூரத்தின் மும்மடிக்கு ஏற்பக் குறையும். கடத்தும் துளிக்கு அச்சின் மீது 5 ஆரத் தூரத்தில் அது 1.6 விழுக்காடு, 10 ஆரத்தில் 0.2 விழுக்காடு. மின்முனையை 4 ஆரத்தில் நிறுத்திவிட்டு மூன்றாம் தசமத்தை ஒப்பிடுவதில் பயனில்லை. அடுத்து, கணக்கு எவ்வளவு நேரம் ஓடியது என்று பாருங்கள். தளர்வு நேரம், பாகு–இழுவிசை நேரம் இரண்டில் பெரியதைப் போல் பத்து மடங்காவது ஓடவிட வேண்டும்.

இவை எல்லாம் சரியாக இருந்தும் துளி சூத்திரம் சொல்வதைவிடக் குறைவாகவே தட்டையானால், அது பிழையாக இல்லாமலும் இருக்கலாம். சுழலும் ஓட்டம் இடைமுகத்தின் மின்னூட்டத்தைச் சுமந்து செல்வதை டெய்லர் கணக்கில் சேர்க்கவில்லை. அதைச் சேர்த்தால் தட்டைத் துளி குறைவாகத் தட்டையாகும், நீள்துளி கூடுதலாக நீளும். கோட்டில் அந்த உறுப்பை மட்டும் அணைத்துவிட்டு ஒருமுறை ஓட்டுங்கள், விடை −0.033-க்குத் திரும்பினால் கோட் சரி.

கேள்வி: கடத்துதிறன் விகிதமும் விடுதிறன் விகிதமும் சமமாக வைத்தேன். துளி நீண்டு நின்ற பிறகும் உள்ளே சுழல் தெரிகிறது. சரியா?

பதில்: சரியல்ல. இரண்டு விகிதமும் சமமென்றால் நிலைத்த நிலையில் இடைமுகத்தில் மின்னூட்டம் இருக்காது, தொடுகோட்டுத் தகைவும் இருக்காது. துளி தன் வடிவத்துக்கு வந்ததும் திரவம் அசையாமல் நிற்க வேண்டும். நீங்கள் பார்ப்பது போலி ஓட்டம். புலத்தை முழுக்க அணைத்துவிட்டு ஓட்டுங்கள். அப்போதும் சுழல் இருந்தால் வளைவைக் கணக்கிடும் முறையில் குறை. இடைமுகத்தின் உயரத்திலிருந்து வளைவை எடுக்கும் உயரச் சார்பு முறைக்கு மாறுங்கள், அழுத்தச் சரிவும் இழுவிசையும் ஒரே முகத்தில் ஒரே விதமாகக் கணக்கிடப்படுகின்றனவா என்று பாருங்கள். புலம் போட்டால் மட்டும் வந்தால் விடுதிறன் சரிவைக் கணக்கிடும் இடத்தில் குறை. உண்மையான கணக்கின் வேகத்தில் நூற்றில் ஒரு பங்குக்கும் கீழே இந்தப் போலி வேகம் இறங்காத வரை, அந்தக் கோட் வரையும் சுழல் படங்களை நம்ப வேண்டாம்.

கேள்வி: துளிக் கணக்குக்குப் போகும் முன் கையால் சரிபார்க்கக்கூடிய எளிய சோதனை ஏதாவது சொல்லுங்கள்.

பதில்: இரண்டு தட்டுகள், நடுவில் இரண்டு திரவ அடுக்குகள். ஒவ்வொன்றும் 1 மில்லி மீட்டர் தடிமன். கீழ் அடுக்கின் ஒப்புமை விடுதிறன் 5, கடத்துதிறன் மீட்டருக்கு 3 × 10⁻⁹ சீமென்ஸ். மேல் அடுக்குக்கு 2, 1 × 10⁻⁹. மொத்தம் 1000 வோல்ட். ஓட்டமே இல்லாத இந்தக் கணக்கில் தேறாத கோட் வேறெதிலும் தேறாது.

மின்னழுத்தத்தைப் போட்ட கணத்தில் மின்னூட்டம் சேர நேரமிருக்காது. விடுதிறன்தான் பங்கு பிரிக்கும். கீழே 285.7 வோல்ட், மேலே 714.3 வோல்ட். நேரம் போகப் போகக் கடத்துதிறன் பொறுப்பேற்கும்: கீழே 250, மேலே 750. ஒரு நிலையிலிருந்து மற்றதற்குப் போவது அடுக்குக்குறி வீழ்ச்சியாக இருக்கும். அடுக்குகள் சம தடிமன் என்பதால், விடுதிறன்களின் கூட்டுத்தொகையைக் கடத்துதிறன்களின் கூட்டுத்தொகையால் வகுத்தால் நேர மாறிலி கிடைக்கும்: 15.5 மில்லி நொடி.

முடிவில் இடைமுகத்தில் சதுர மீட்டருக்கு 2.2 மைக்ரோ கூலும் மின்னூட்டம் இருக்க வேண்டும். கீழ் அடுக்கில் மின்தகைவு 1.38 பாஸ்கல், மேல் அடுக்கில் 4.98, வித்தியாசமான 3.6 பாஸ்கல் இடைமுகத்தை மேல்நோக்கி இழுக்கும். ஆகவே மேல் அடுக்கின் அழுத்தம் கீழ் அடுக்கைவிட 3.6 பாஸ்கல் கூடுதலாகக் காட்ட வேண்டும்.

இதில் விடை பிசகும் விதமே காரணத்தைச் சொல்லிவிடும். முதல் கணத்து மின்னழுத்தம் தவறினால் விடுதிறன் சராசரி. இறுதி மின்னழுத்தம் தவறினால் கடத்துதிறன் சராசரி. இரண்டும் சரியாக இருந்து அழுத்தம் மட்டும் தவறினால் விசை எழுதிய இடம். இடைமுகத்தைச் செல் முகத்தின் மீதே வைத்து ஒருமுறையும், செல்லின் நடுவில் விழும்படி ஒருமுறையும் ஓட்டுங்கள். முதலாவதில் எல்லாக் கோட்டும் தேறிவிடும். உண்மையான பரீட்சை இரண்டாவதுதான்.

கேள்வி: எண்ணெயில் உப்பு நீர்த் துளி. டைம் ஸ்டெப் 10 நானோ நொடிக்கு மேல் போனால் கணக்கு வெடித்துவிடுகிறது. இப்படியே போனால் ஒரு மில்லி நொடிக்கு வாரக் கணக்கில் ஆகும்.

பதில்: மேலே சொன்ன 14 நானோ நொடியை நினைத்துப் பாருங்கள். கடத்தலை வெளிப்படையாக, அதாவது பழைய மின்னழுத்தத்தை வைத்துக் கணக்கிட்டால், தளர்வு நேரத்தைத் தாண்டி ஒரு அடி வைக்க முடியாது. மின்னூட்டம் சமநிலையைத் தாண்டிப் போய், அடுத்த அடியில் எதிர்ப்பக்கம் இன்னும் அதிகமாகத் தாண்டும்.

தீர்வு எளிது. மின்னூட்டச் சமன்பாட்டின் கடத்தல் உறுப்பில் புதிய மின்னழுத்தத்தைப் போட்டு, அதை அப்படியே பாய்சான் சமன்பாட்டில் நுழையுங்கள். விடுதிறன் இருந்த இடத்தில் ‘விடுதிறன் + கடத்துதிறன் × டைம் ஸ்டெப்’ வரும். வலப்பக்கத்தில் ஓட்டம் சுமந்து வந்த பழைய மின்னூட்டம் மட்டும் இருக்கும். ஒரே நேரியல் சமன்பாடு, அடி எவ்வளவு பெரிதாக இருந்தாலும் நிலையானது. தீர்த்தபின் புதிய மின்னூட்டத்தை மின்னழுத்தத்திலிருந்து முகம் முகமாகத் திரும்பக் கணக்கிடுங்கள்; அப்போதுதான் மொத்த மின்னூட்டம் காக்கப்படும்.

அதன்பின் உங்களைக் கட்டுப்படுத்துவது பரப்பு இழுவிசை அலை. இரு அடர்த்திகளின் கூட்டுத்தொகையைச் செல் அளவின் மும்மடியால் பெருக்கி, 4π மடங்கு இழுவிசையால் வகுத்து, வர்க்கமூலம் எடுங்கள். அடர்த்தி இரண்டும் 1000, செல் 5 மைக்ரோ மீட்டர், இழுவிசை 0.03 என்றால் 0.8 மைக்ரோ நொடி. முன்பைவிட எண்பது மடங்கு. செல்லைப் பாதியாக்கினால் இது 2.8 மடங்கு சுருங்கும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

எஞ்சுபிழையை (சமன்பாட்டில் தீராமல் மிஞ்சுவதை) இயல்பாக்காத கோட்டாக இருந்தால் இன்னொரு ஆபத்து: 10⁻¹² அளவு எண்கள் உள்ள சமன்பாட்டில் தாங்குபிழையை 10⁻⁶ என்று வைத்தால் சால்வர் ஒரு சுற்றுகூட ஓடாமல் ‘முடிந்தது’ என்று சொல்லிவிடும். நீளத்தை ஆரத்தாலும், புலத்தைத் தொலைவுப் புலத்தாலும், தகைவை விடுதிறன் × புல வர்க்கத்தாலும் வகுத்துப் பரிமாணமற்ற எண்களில் வேலை செய்வதே பாதுகாப்பு.

கேள்வி: 100 மைக்ரோ மீட்டர் நுண்குழாயில் எலக்ட்ரோ ஆஸ்மோட்டிக் பாய்வு (சுவரருகே சேரும் அயனிகளை மின்புலம் இழுக்க நகரும் திரவம்). சுவரையொட்டிய இரட்டை அடுக்குக்குள் (அந்த அயனிகள் நிற்கும் மெல்லிய படலத்துக்குள்) மெஷ் போட வேண்டுமா?

பதில்: உப்பின் செறிவைச் சொல்லியிருக்கலாம். ஒற்றை இணைதிற உப்பு லிட்டருக்கு 1 மில்லி மோல் என்று வைத்துக்கொள்வோம். 25 டிகிரியில் டிபை நீளம், அதாவது அந்த அடுக்கின் தடிமன், 9.6 நானோ மீட்டர். குழாயின் அகலத்தில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு. அதற்குள் மெஷ் போடத் தேவையே இல்லை. சுவரில் வழுக்கு வேகம் கொடுத்தால் போதும்: விடுதிறன், சீட்டா மின்னழுத்தம் (சுவரருகே உள்ள மின்னழுத்தம்), தொடுகோட்டுப் புலம் மூன்றையும் பெருக்கிப் பாகுநிலையால் வகுத்து எதிர்க்குறி. சீட்டா −50 மில்லி வோல்ட், புலம் சென்டி மீட்டருக்கு 100 வோல்ட் என்றால் நொடிக்கு 0.39 மில்லி மீட்டர். மின்னழுத்தத்துக்குச் சுவரில் செங்குத்துச் சரிவு பூஜ்யம். இரு முனைகளிலும் அழுத்தத்தைச் சமமாக வையுங்கள். நுழைவாயிலில் வேகத்தைக் கொடுத்தால் எதிரழுத்தம் உருவாகி, தட்டையாக வர வேண்டிய வேக வடிவம் வளைந்துவிடும். சீட்டா எங்கும் ஒன்றே என்றால், வளைவான குழாயிலும் வேகத்தைப் புலத்தால் வகுத்தால் எல்லா இடத்திலும் ஒரே எண் வரும். நல்ல சோதனை அது.

நானோ குழாய், அயனி தேர்ந்தெடுக்கும் சவ்வு போன்றவற்றில் இந்த வழி செல்லாது. உள்ளே மெஷ் போட்டே ஆக வேண்டும். பயப்பட வேண்டாம்: சுவரில் முதல் செல் 1 நானோ மீட்டர், அடுத்தடுத்து 1.15 மடங்கு என்று பெருக்கினால் 64 செல்லில் 50 மைக்ரோ மீட்டரை எட்டிவிடலாம். சீட்டா 25.7 மில்லி வோல்ட்டைத் தாண்டினால் டிபை–ஹூக்கல் நேரியல் வடிவத்தை விட்டுவிடுங்கள். 100 மில்லி வோல்ட்டில் சுவரருகே எதிர் அயனிச் செறிவு ஏறத்தாழ 49 மடங்காகும். நேரியல் வடிவம் அதை 5 மடங்கு என்றே சொல்லும்.

கேள்வி: மெல்லிய கம்பியிலிருந்து அயனிக் காற்று. கம்பியின் பரப்பில் மின்னூட்ட அடர்த்திக்கு என்ன எல்லை நிபந்தனை?

பதில்: நேரடியாகத் தெரிந்த எண் எதுவும் கிடையாது, தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். கரோனா (கம்பியைச் சுற்றிய காற்று அயனியாகும் மின்னிறக்கம்) தொடங்கியபின் கம்பிப் பரப்பில் புலம் தொடக்கப் புலத்தின் அளவிலேயே நிற்கும் என்பது காப்ட்சாவ் கருதுகோள். தொடக்கப் புலத்தைப் பீக் சூத்திரம் தரும்: 0.1 மில்லி மீட்டர் ஆரமுள்ள வழவழப்பான கம்பிக்குச் சாதாரணக் காற்றில் சென்டி மீட்டருக்கு ஏறத்தாழ 126 கிலோ வோல்ட். ஒரு மின்னூட்ட அடர்த்தியை ஊகித்து மின்னழுத்தத்தையும் அயனி நகர்வையும் தீருங்கள். கம்பியில் புலம் 126-ஐவிடக் கூடுதலாக வந்தால் அடர்த்தியை ஏற்றுங்கள், குறைந்தால் இறக்குங்கள். ஒவ்வொரு சுற்றிலும் தேவையான மாற்றத்தில் 10 முதல் 30 விழுக்காடு மட்டும் செய்யுங்கள். முழுதாக மாற்றினால் ஊசலாடும்.

காற்றில் அயனியின் இயக்க எண் (அலகுப் புலத்தில் அதன் வேகம்) ஏறத்தாழ 2 × 10⁻⁴. சென்டி மீட்டருக்கு 10 கிலோ வோல்ட் புலத்தில் அயனி நொடிக்கு 200 மீட்டர் வேகத்தில் போகும். காற்றோ சில மீட்டர்தான். ஆகவே காற்று அயனியைத் திசை திருப்பாது. மின் கணக்கை ஒருமுறை முடித்து, விசையை எடுத்துக் காற்றோட்டக் கணக்கில் போட்டால் போதும். கம்பியை விட்டுப் புறப்படும் மின்னோட்டமும் சேகரிப்பானில் (எதிர் மின்முனையில்) சேரும் மின்னோட்டமும் சமமா என்று பாருங்கள். மொத்த விசைக்கும் கைக்கணக்கு உண்டு: மின்னோட்டம் × இடைவெளி ÷ இயக்க எண். 100 மைக்ரோ ஆம்பியர், 2 சென்டி மீட்டர் என்றால் 10 மில்லி நியூட்டன், ஏறக்குறைய ஒரு கிராம் எடை. இதைவிடப் பல மடங்கு வந்தால் மெஷ்ஷில் மின்னூட்டம் பரவி வீங்கியிருக்கிறது.

கேள்வி: டெய்லர் கூம்பின் (மின்புலம் இழுக்கத் திரவம் கூர்மையாகும் வடிவத்தின்) நுனியிலிருந்து வரும் நுண்துளிகளின் அளவு, மெஷ்ஷை நுண்மையாக்க ஆக்கச் சிறிதாகிக்கொண்டே போகிறது. எந்த விடையை எடுத்துக்கொள்வது?

பதில்: எதையும் எடுத்துக்கொள்ளாதீர்கள். துளியின் அளவு செல்லின் அளவைத் தொடர்ந்து போனால், துளியைப் பிய்ப்பது மெஷ்தான், மின்புலம் அல்ல. 1964-இல் டெய்லர் கண்ட 49.3 டிகிரி அரைக்கோணக் கூம்பில் நுனியை நெருங்க நெருங்கப் புலம் எல்லையின்றி ஏறும். திரவத்தை முழுக் கடத்தியாக வைத்தால் தொடுகோட்டுத் தகைவு இல்லை. திரவத்தை இழுத்துத் தாரையாக்க எதுவும் இல்லை. நுனி கூர்மையாகிக்கொண்டே போகும். கடத்துதிறனுக்கு உண்மையான எண்ணைக் கொடுத்துக் கசியும் காப்பானாகக் கணக்கிடுங்கள். நுனியில் ஓட்டத்தின் நேரம் தளர்வு நேரத்தை நெருங்கும் இடத்தில் தாரை பிறக்கும், அதன் தடிமன் மெஷ்ஷைச் சாராது. தாரையின் ஆரத்துக்குள் எட்டுப் பத்து செல்லாவது இருக்க வேண்டும். தேவைப்படும் இடத்தில் தானே நுண்மையாகும் தகவமைப்பு மெஷ் இல்லாமல் இது முடியாது.

இன்னொன்றையும் பாருங்கள்: நுனியைச் சுற்றியுள்ள காற்றுச் செல்களில் மின்னூட்டம் இருக்கிறதா? காற்றின் கடத்துதிறன் பூஜ்யம் என்பதால், எண்முறைப் பரவலால் அங்கே ஒருமுறை கசிந்த மின்னூட்டம் திரும்ப வழியில்லாமல் தங்கிவிடும். கூம்பைத் தள்ளி மழுங்கச் செய்யும். திரவத்தின் பருமனை எந்தப் பாய அளவால் (செல் முகத்தைக் கடக்கும் அளவால்) நகர்த்துகிறீர்களோ, மின்னூட்டத்தையும் அதே பாய அளவால் நகர்த்துவதே மருந்து. பிறந்த துளிகளுக்கு 1882-இல் ரேலே தந்த வரம்பு இருக்கிறது: 10 மைக்ரோ மீட்டர் ஆரமுள்ள நீர்த்துளி 0.63 பிகோ கூலுமுக்கு மேல் தாங்காது. உங்கள் துளி அதைவிட அதிகம் சுமந்துகொண்டு உடையாமல் போகிறதென்றால் கணக்கில் ஓட்டை இருக்கிறது.

கேள்வி: மாறுதிசை மின்னழுத்தத்துக்கு ஒவ்வொரு சுழற்சியையும் கணக்கிட வேண்டுமா?

பதில்: அதிர்வெண் ஓட்டம் மாறும் வேகத்தைவிட மிக அதிகமென்றால் வேண்டாம். சிக்கலெண் மின்னழுத்தத்தை ஒருமுறை தீர்த்து, விசையின் சுழற்சிச் சராசரியைப் போடுங்கள். உப்பு நீரில் வெப்பத்தை மறந்துவிடாதீர்கள்: கடத்துதிறன் 1, 5 வோல்ட் என்றால் வெப்பநிலை ஏற்றம் ஏறத்தாழ 5 டிகிரி. மின்முனைகளின் இடைவெளி இதில் வருவதில்லை. ஒரு டிகிரிக்கு நீரின் கடத்துதிறன் 2 விழுக்காடு ஏறும், விடுதிறன் 0.4 விழுக்காடு இறங்கும். அந்தச் சிறு வேறுபாடே திரவத்தைச் சுழற்றப் போதும்.

கேள்வி: இலவச மென்பொருள் எது?

பதில்: இடைமுகம் உள்ள கணக்குக்கு கெர்ரிஸ், அதன் வழிவந்த பாசிலிஸ்க். மின்னூட்டத்தைக் காக்கும் முறை இரண்டிலும் இருக்கிறது. நுண்குழாய்க்கு ஓப்பன்ஃபோம் மீது அமைந்த ரியோடூல். வழுக்கு வேகம் முதல் முழு அயனிச் சமன்பாடுகள் வரை அதில் தேர்ந்தெடுக்கலாம்.

கேள்வி: இரு தட்டுகளுக்கிடையே ஒரு தட்டிலிருந்து மட்டும் மின்னூட்டம் உட்செலுத்தும் கணக்கு. ஓட்டம் தொடங்கும் மின் ரேலே எண் (புலத்தின் தள்ளலுக்கும் பாகுநிலைத் தடைக்கும் உள்ள விகிதம்) 164 என்கிறார்கள். எனக்கு ஏறும்போது ஒரு எண், இறங்கும்போது வேறு எண் வருகிறது.

பதில்: இறங்கும்போது வேறு எண் வந்தால் மகிழுங்கள், அதுதான் இந்த ஓட்டத்தின் இயல்பு. உட்செலுத்தல் எண் (எவ்வளவு மின்னூட்டம் உள்ளே வருகிறது என்பதன் அளவு) 10 என்ற வலுவான நிலையில், மின் ரேலே எண் 164-ஐத் தாண்டினால்தான் அசையாத திரவம் சுழலத் தொடங்கும். சுழலத் தொடங்கியபின் எண்ணைக் குறைத்தால் ஏறத்தாழ 110 வரை சுழன்றுகொண்டே இருந்து, பிறகு சட்டென்று நிற்கும். ஓட்டம் அயனியின் நகர்வைவிட வேகமாகிவிட்டால், சுழலின் நடுவில் மின்னூட்டமே நுழைய முடியாத ஒரு வெற்றுப் பகுதி உருவாகிறது. அந்த வெற்றுப் பகுதியே குறைந்த மின்னழுத்தத்திலும் சுழலைத் தாங்குகிறது.

கோட் தவறுவதும் அங்கேதான். ஓட்டம் வரும் பக்கத்துச் செல்லின் மதிப்பை அப்படியே எடுக்கும் முதல் வரிசை மேல்காற்று முறையில் மின்னூட்டத்தை நகர்த்தினால் வெற்றுப் பகுதிக்குள் போலியாக மின்னூட்டம் பரவி, இரண்டு எண்களும் ஒன்றையொன்று நெருங்கிவிடும். எல்லை கட்டிய (மதிப்பு வரம்பு மீறாத) இரண்டாம் வரிசை முறைக்கு மாறுங்கள். பெட்டியின் அகலத்தைத் தட்டு இடைவெளியில் 0.614 பங்காக, பக்கங்களில் சமச்சீர் நிபந்தனையோடு வைத்தால் ஒரே ஒரு சுழல் அடங்கும். ஏறும்போது 164-க்கு வெகு முன்பே தொடங்கிவிட்டால், நீங்கள் கொடுத்த தொடக்கக் கலக்கம் பெரிது. அது கணக்கை நேராக மேல்கிளைக்கு (ஏற்கெனவே சுழலும் நிலைக்கு) தூக்கிப் போட்டுவிடுகிறது. கலக்கத்தை ஆயிரத்தில் ஒரு பங்காக்கி, 160-இலும் 168-இலும் ஓட்டி, வேகத்தின் மடக்கை நேரத்தோடு எப்படி ஏறுகிறது அல்லது இறங்குகிறது என்று வரையுங்கள். இரண்டு நேர்கோடுகளின் சாய்வையும் இணைத்தால் பூஜ்யத்தைக் கடக்கும் இடம் உங்கள் கோட்டின் மாறுநிலை எண்.